தேன் தடவிய எழுத்துகள்: எருசலேம் பயணக் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்

பென் குரியன் விமான நிலையத்தில் அக்கா காத்திருந்தாள். சித்தி மகள். பதினோரு வருடமாக எருசலேமில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இப்போது இருப்பது கத்தமோன் பகுதியில் ஒரு மூதாட்டியின் வீட்டில். வயது 86. ஹீப்ருவில் பாட்டியை 'சவ்தா' என்பார்கள். அக்காவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், அதனால் எனக்கும் அவர் சவ்தாதான்.

நான் கிளம்பி வந்ததற்குக் காரணமே சவ்தாதான். அவர் 38 வருடம் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் 14 வருடமாக எல்.கே.ஜி. எடுக்கிறேன். அக்கா போனில் பேசும்போதெல்லாம் சவ்தா சொன்ன கதை ஒன்றைச் சொல்வாள். கேட்டுக் கேட்டு, ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பணம் சேர்த்தேன். ஆண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டதும் கிளம்பிவிட்டேன். ஆமாம், நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு வைத்து, தாள் திருத்தி, மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது சவ்தா கேட்ட முதல் கேள்வி: "காலையில் உன் பிள்ளைகள் வந்ததும் முதலில் என்ன செய்வார்கள்?"

"பிரேயர். அப்புறம் உட்கார்ந்து எழுதுவார்கள்."

"என்ன எழுதுவது என்று யார் முடிவு செய்வது?"

"நான்தான், சவ்தா."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். நாளை காலை ஏழரைக்குத் தயாராக இரு என்றார்.

இரண்டாம் நாள், புதன்

சவ்தா வேலை பார்த்த அதே பள்ளி. பள்ளி என்று நான்தான் சொல்கிறேன். அவர்கள் 'கான்' என்கிறார்கள். தோட்டம் என்று பொருள். ஆசிரியைக்குப் பெயர் 'கனெனெத்'. தோட்டம் என்ற அதே வேரிலிருந்து வந்த சொல். ஜெர்மனியில் ஃப்ரூபெல் என்ற கல்வியாளர் 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தாரே, அதன் நேர் ஹீப்ரு வடிவம்.

பெரிய பள்ளியின் ஒரு மூலையில் ஒதுக்கிய வகுப்பறை இல்லை இது. தனிக் கட்டடம், சுற்றிலும் சொந்த முற்றம், வேலி, ஒரு எலுமிச்சை மரம். பிள்ளைகள் 35 பேர் வரை இருக்கலாம் என்பது அங்கே விதி. இன்று 31 பேர். கனெனெத் ஒருவர், உதவிக்கு இரண்டு பெண்கள். மூன்று வயதிலிருந்து கட்டாய இலவசக் கல்வி என்ற சட்டம் 1984இலேயே வந்தது. நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 2012இல்தான் என்றார் சவ்தா. இது அரசு நடத்தும் மதச்சார்புப் பிரிவைச் சேர்ந்தது. பையன்கள் தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி, ஓரத்தில் கிளிப் போட்டிருக்கும்.

பிள்ளைகள் வந்தார்கள். பையை அவரவர் கொக்கியில் மாட்டினார்கள். கொக்கிக்கு மேல் பெயரோடு ஒரு படமும் இருக்கிறது. ஆமை, கேரட், குடை. படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தன் இடம் எது என்று தெரியும். அப்புறம் யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. ஒருத்தி மாவு பிசையப் போனாள். இரண்டு பேர் மரக்கட்டை அடுக்கினார்கள். ஒரு பையன் தச்சு மேசையில் நிஜமான சுத்தியலும் நிஜமான ஆணியும் எடுத்தான். எனக்கு நெஞ்சு பதறியது. சவ்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது ஆணியை அவன் தலைப்பக்கம் பிடிக்காமல் கீழே பிடித்தான், சுத்தியலைத் தூக்காமல் மெல்லத் தட்டினான். இறங்கியது. அதைச் செய்ய அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே விஷயத்தில் கால் மணி நேரம் ஆழ்ந்திருந்ததை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். உண்மையில், அப்படி இருக்க நான் விட்டதே இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு பாடம், மணி அடித்தால் அடுத்த நோட்டு.

கனெனெத் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய கண் எனக்கு. அவர் தரையில் உட்கார்ந்து சிறு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். முற்றத்தில் இரண்டு சிறுமிகளுக்குள் ஒரு பழைய சக்கரத்துக்காகச் சண்டை. நானாக இருந்தால் சக்கரத்தை வாங்கி அலமாரி மேல் வைத்திருப்பேன், இரண்டு பேரையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்திருப்பேன். அவர் போய் அருகே குந்தினார். "இரண்டு பேர், ஒரு சக்கரம்," என்று மட்டும் சொன்னார். சவ்தா எனக்கு மொழிபெயர்த்தார். சிறுமிகள் இருவரும் அழுதார்கள், கத்தினார்கள். அவர் எழுந்து போகவும் இல்லை, தீர்ப்புச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி எட்டப் போய் நின்றாள், மற்றவள் சக்கரத்தை அவள் பக்கம் உருட்டிவிட்டாள். அதுவே விளையாட்டாகிவிட்டது.

பத்து மணிச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காயைப் பிள்ளைகளே கத்தியால் நறுக்குகிறார்கள். அப்புறம்தான் வட்டமாக உட்காருதல், காலை வேண்டுதல் பாட்டு, இன்று யார் வரவில்லை என்று எண்ணுதல். வராத பிள்ளையின் பெயரைச் சொல்லி எல்லோருமாக நலம் வாழ்த்துகிறார்கள்.

ஒரு பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு வயதிருக்கும். கொக்கியில் குடை படம். அவன் யாரோடும் சேரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்தில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து, ஒவ்வொரு சாவியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலை முழுக்க அதேதான். வட்டத்திலும் அது அவன் மடியில். கனெனெத்திடம் கேட்டேன், அவனை ஏன் பேச வைக்க முயலவில்லை என்று. அவர் தம் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவன் பெயரில் மட்டும் எட்டுப் பக்கம். ஒரு வரியைச் சவ்தா படித்தார்: 'இன்று எல்லாச் சாவிகளையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது நகரவில்லை.'

என் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தான். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் நான் எழுதியது இரண்டே சொல்: 'வகுப்பில் பேசுவதில்லை.'

மாலையில் சவ்தா ஒரு சரித்திரம் சொன்னார். முதல் ஹீப்ரு மழலையர் பள்ளி 1898இல் ரிஷோன் லெசியோன் குடியேற்றத்தில் தொடங்கியது. அப்போது ஹீப்ரு வேதத்துக்கும் பிரார்த்தனைக்கும் உரிய மொழி. வீட்டில் இத்திஷும் ரஷ்யனும் அரபியும் லதினோவும் பேசினார்கள். வேத மொழியில் பொம்மைக்குச் சொல் இல்லை. ஹீப்ருவைப் பேச்சு மொழியாக மீட்க உழைத்த எலியேசர் பென் யெஹூதா 'புபா' என்று ஒன்றை உண்டாக்கினார். அந்தக் கால ஆசிரியைகள் கையில் பாடலும் கிடையாது, கதையும் கிடையாது, பாதிச் சொற்களும் கிடையாது. பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடிக் கற்ற சொற்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மொழி பெரியவர்களிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அது மேலே ஏறியிருக்கிறது.

மூன்றாம் நாள், வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தோழி கேட்டிருந்தாள்: "யூதர்கள் என்றாலே சின்ன வயதிலிருந்து மனப்பாடம், வேதம் என்றுதானே சொல்வார்கள்?" அதுவும் உண்மைதான். அதைப் பார்க்கத்தான் இன்று மெயா ஷெயாரிம் போனோம். 1874இல் உருவான பேட்டை, மத நெறியில் மிகக் கண்டிப்பான யூதர்கள் வாழும் இடம். குறுகலான சந்துகள், பால்கனி எல்லாம் துணி. அடக்கமாக உடுத்தி வரும்படி பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். முழுக்கைச் சுடிதார் போட்டுத் தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

பையன்கள் படிக்கும் பழைய முறைப் பள்ளிக்கு 'ஹெய்தர்' என்று பெயர். வெறும் 'அறை' என்றுதான் பொருள். பெண்கள் உள்ளே போக வழியில்லை. சன்னலுக்குக் கீழே தெருவில் நின்றோம். கேட்டது ஒரு குரல், அதைத் தொடர்ந்து இருபது குரல்:

"கோமெத்ஸ் ஆலெஃப்... ஓ! கோமெத்ஸ் பெய்ஸ்... போ!"

உயிர்க்குறியின் பெயர், எழுத்தின் பெயர், இரண்டும் சேர்ந்தால் வரும் ஒலி. எனக்குச் சிலிர்த்துவிட்டது. க்-ஆ-கா என்று நான் தினமும் சொல்லிக் கொடுப்பது இதே கணக்குத்தான். ராகம் மட்டும் வேறு. அந்த ராகத்தில் ஒரு தாலாட்டு இருந்தது. ஒரு பிஞ்சுக் குரல் மட்டும் மற்றவர்களுக்கு அரை நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது. அவன் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறானா, பக்கத்துப் பையனைக் கேட்டுச் சொல்கிறானா? உள்ளே இருக்கும் ஆசிரியருக்கு அது தெரியுமா? சன்னலுக்குக் கீழே நின்று அதையேதான் யோசித்தேன்.

அங்கிருந்து சவ்தாவின் தம்பி வீட்டுக்குப் போனோம். அவர் அப்படியொரு பள்ளியில் வாழ்நாளெல்லாம் 'மெலாமெத்'தாக, அதாவது ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்தாடி. என்னை நேராகப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார். அது அவர்களிடம் பெண்களுக்குக் காட்டும் மரியாதை. அவர் மனைவி தேநீரும் உலர்ந்த அத்திப்பழமும் வைத்தார். சவ்தாவும் தம்பியும் ஐம்பது வருடமாக, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற ஒரே விஷயத்தில் சண்டை போடுகிறார்களாம்.

பெரியவர் முதலில் சொன்னது தேன் கதை. மூன்று வயதானதும் பையனுக்கு முதல் முடி வெட்டு. அப்பா தம் பிரார்த்தனைச் சால்வையில் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஹெய்தருக்கு வருவார். எழுத்துகள் எழுதிய அட்டையில் தேன் தடவி வைத்திருப்பார்கள். பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி நக்க வேண்டும். மேலேயிருந்து மிட்டாய் விழும், தேவதை போட்டது என்பார்கள். "எழுத்து இனிக்கும் என்பது அவன் மூளைக்கு முன்னால் நாக்குக்குத் தெரிந்துவிடும்," என்றார். நம் ஊரில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதைச் சொன்னேன். முதல்முறையாக நிமிர்ந்து சிரித்தார்.

படிப்பு தொடங்குவது வேதத்தின் மூன்றாம் நூலான லேவியராகமத்தில். உலகம் உண்டான கதை, வெள்ளம், பேழை எல்லாம் பிறகுதான். பலி விதிகள் நிரம்பிய நூல் அது, பிள்ளைக்கு அதில் என்ன புரியும்? மித்ராஷ் என்ற பழைய வேத விளக்க நூல் காரணம் சொல்கிறது: பலிகள் தூய்மையானவை, பிள்ளைகளும் தூய்மையானவர்கள், தூயவர்கள் வந்து தூயதில் ஈடுபடட்டும். அந்த நூலின் முதல் சொல்லில் வரும் கடைசி எழுத்தான ஆலெஃபை ஏட்டில் சின்னதாக எழுதுவது மரபு. அவர் தம் விரல் நகத்தை மேசைமேல் வைத்து அந்த அளவைக் காட்டினார். "சின்ன ஆலெஃப், சின்னப் பிள்ளை."

அப்புறம் பழைய ஞானிகளின் விவாதங்கள் அடங்கிய தல்மூது நூலுக்குள் போனார். எருசலேம் ஆலயம் இடிந்த கி.பி. 70ஆம் ஆண்டுக்குச் சற்று முன் தலைமைக் குருவாக இருந்த யெஹோஷுவா பென் கம்லா, ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர் வேண்டும், ஆறேழு வயதில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதற்கு முன் அப்பா இருந்தால் பிள்ளை படிப்பான், இல்லாதவன் படிக்க மாட்டான். இடையில் பதினாறு, பதினேழு வயதில் சேர்த்துப் பார்த்தார்களாம். ஆசிரியர் கோபித்தால் அந்தப் பையன்கள் உதைத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்கு! என் வகுப்பில் 48 பேர், நான் ஒருத்தி, அரை நேரத்துக்கு ஒரு ஆயா.

"அடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். சவ்தா மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு கேட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தாம் படித்த காலத்தில் ஆசிரியர் கையில் சிறு தோல் சாட்டை இருந்ததாம். பின்னாளில் தம்முடைய அறையில் அதை வைக்கவில்லை என்றார். பிறகு தாமாகவே ஒரு பழைய வரியைச் சொன்னார். ராவ் என்ற ஞானி, ஷ்முவேல் பர் ஷிலாத் என்ற ஆசிரியருக்குச் சொன்ன புத்திமதி: ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளையைச் சேர்க்காதே. சேர்த்த பிறகு மாட்டுக்குத் தீனி போடுவதுபோல் நிறையக் கொடு. அடிப்பதானால் செருப்பு வாரால் மட்டும் அடி. படிக்கிறவன் படிப்பான். படிக்காதவன் தன் தோழனுக்குத் துணையாக இருக்கட்டும்.

மாட்டுத் தீனி உவமை எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடமே சொன்னேன். ஆனால் அந்தக் கடைசி வரி! படிக்காதவனை வெளியே அனுப்பாதே, அவன் தோழன் பக்கத்தில் இருக்கட்டும். எத்தனை கருணை அதில்.

கிளம்பும்போது அவர் இன்னொன்று சொன்னார். அதே ஷ்முவேல் பர் ஷிலாத்தை ஒருநாள் ராவ் தோட்டத்தில் பார்த்தாராம். பள்ளியை விட்டுவிட்டாயா என்று கேட்டாராம். பதின்மூன்று வருடமாக இந்தத் தோட்டத்தை நான் பார்க்கவில்லை, இப்போதும் என் மனம் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது என்று பதில் வந்ததாம். வாசலில் நின்று சொன்ன பெரியவரின் கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸில் சவ்தா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார், "என் தம்பி நல்ல ஆசிரியன். ஆனால் அந்த அறைக்குள் எனக்கு இடம் இருந்ததில்லை." பெண் பிள்ளைகள் பொதுவாக ஹெய்தருக்குப் போனதில்லை. அவர்களுக்கென்று ஒழுங்கான மதக்கல்வி, சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் 1917இல் க்ராகோவில் 'பெய்ஸ் யாக்கோவ்' பள்ளியைத் தொடங்கிய பிறகுதான் பரவியது.

நான்காம் நாள், வெள்ளி

மறுபடி கான். வெள்ளி என்றால், அன்று மாலை தொடங்கும் சபாத் என்ற ஓய்வு நாளை வரவேற்கும் சிறு விழா, ஹல்லா ரொட்டி, திராட்சைச் சாறு. ஒரு சிறுமிக்கு ஐந்தாவது பிறந்தநாள். நாற்காலியோடு ஐந்து முறை தூக்கினார்கள், அடுத்த வருடத்துக்கு ஒன்று கூட. அப்பாக்கள் நான்கு பேர் நாற்காலியைப் பிடித்தார்கள். சாவிப் பையன் மேசைக்கு அடியில் இருந்தான். வெளியே இழுக்கவில்லை. அவன் பங்கு ரொட்டியைக் கனெனெத் மேசைக்கு அடியிலேயே நீட்டினார், அவன் வாங்கிக்கொண்டான்.

பிற்பகலில் பஸ் நின்றுவிடுகிறது, கடைகள் மூடிவிடுகின்றன. ஊரே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஐந்தாம் நாள், சனி

சவ்தா வீட்டில் இன்று போன் தொடவில்லை. இதை இருட்டிய பிறகுதான் எழுதுகிறேன். பகலெல்லாம் பேசினோம். நீதிமொழிகளில் ஒரு வசனம் உண்டு: பிள்ளையை அவன் வழிக்கேற்பப் பழக்கு, முதிர்ந்தாலும் அதை விட்டு விலகான். இருவர் கட்சிக்கும் இந்த ஒரே வசனம்தான் ஆதாரம் என்றார் சவ்தா. தம்பி 'பழக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார், இவர் 'அவன் வழி' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆறாம் நாள், ஞாயிறு

இங்கே ஞாயிறு வேலை நாள். விடியற்காலை பஸ்ஸில் யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போனோம். சவ்தாவால் வர முடியவில்லை. அவருடைய பழைய மாணவி ஒருவர் அழைத்துப்போனார். கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கும் சாலை. காது அடைத்தது. இறங்கியது ஸ்தே எலியாஹு. 1939இல் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர்கள் தொடங்கிய மதநெறி கிபுட்ஸ், அதாவது எல்லோரும் கூட்டாக உழைத்து வாழும் பண்ணைக் கிராமம். பேரீச்சந்தோப்பு, ரசாயனம் இல்லாத விவசாயம். வயல்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். எலி பிடிக்க விஷம் வேண்டாம் என்று கூகைகளைக் குடிவைத்திருக்கிறார்கள். வானத்தில் செங்கால் நாரைகள் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டு வடக்கே போய்க்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தபடி பத்து நிமிடம் நின்றுவிட்டேன்.

நாங்கள் வந்தது மல்கா ஹாஸ் என்ற ஆசிரியையின் முற்றத்தைப் பார்க்க. பெர்லினில் பிறந்து இங்கே வந்து, இந்தக் கிபுட்ஸில் பிள்ளைகளோடு வேலை செய்தவர். ஓரானிம் கல்லூரியில் பல தலைமுறை ஆசிரியைகளைப் பயிற்றியவர். அவர் செய்தது கேட்க எளிமையானது. பெரியவர்கள் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட சாமான்களைப் பிள்ளைகள் முற்றத்தில் போட்டார். 'காயலான் கடை முற்றம்' என்று சொன்னால்தான் நமக்குப் புரியும். எருசலேமில் சாவிக்கொத்து கிடந்ததும் இந்த வழியில் வந்ததுதான். நாடெங்கும் பரவியிருக்கிறது.

அங்கே என்னவெல்லாம் கிடந்தது! எஞ்சின் கழற்றிய டிராக்டர், டயர்கள், சலவை எந்திரத்தின் உருளை, பலகைகள், கம்பு, குழாய், கட்டில் சட்டம், கரி பிடித்த பானைகள், விசைப்பலகை, தையல் மெஷினின் அடிப்பாகம். கடையில் வாங்கிய பொம்மை ஒன்றுகூட இல்லை. ஒரு சிறுமி பானையில் சேறு கலக்கி, தகரத்தில் ஊற்றி, மேலே பேரீச்சை ஓலையைக் கிழித்துப் போட்டாள். ஏன் ஓலை என்று கேட்டேன். "சூடு ஆறாமல் இருக்க," என்றாள். இரண்டு பையன்கள் குழாயைப் பலகைக்கு அடியில் வைத்து டயரை நெம்பப் பார்த்தார்கள், முடியவில்லை. குழாயை டயருக்குக் கிட்டே தள்ளினார்கள். டயர் எழுந்தது. அவர்கள் போட்ட கூச்சலில் தோப்புக் குருவிகள் பறந்தன. நெம்புகோலை நாம் ஆறாம் வகுப்பில் படம் போட்டுப் பாகம் குறித்து மதிப்பெண் வாங்குகிறோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் பிள்ளைகளைக் குப்பையில் விட்டுவிட்டது மாதிரி இருக்கும். அப்படி இல்லை. தினமும் விடிகாலையில் ஆசிரியை முற்றம் முழுக்க நடந்து துருப்பிடித்த முனை, உடைந்த கண்ணாடி, கழன்ற ஆணி பார்க்கிறார். நேற்றைய விளையாட்டு எங்கே நின்றது என்று நோட்டில் பார்த்து, அதற்கு உதவும் ஒரு சாமானைக் கொண்டுவந்து போடுகிறார். பிறகு ஒதுங்கி நிற்கிறார். நான் கரும்பலகை முன்னால் நின்று செய்யும் வேலையைவிட இது இரண்டு மடங்கு உழைப்பு. பிள்ளையை மையத்தில் வைப்பது என்றால் டீச்சர் சும்மா இருப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் கிபுட்ஸ் எல்லாமே பொன் இல்லை. பல கிபுட்ஸ்களில் பிள்ளைகள் இரவிலும் பெற்றோர் வீட்டில் தூங்காமல் குழந்தைகள் இல்லத்தில் தூங்க வேண்டியிருந்தது. 1990களில்தான் அது முழுவதும் நின்றது. என்னை அழைத்துவந்த அம்மையார் வேறொரு கிபுட்ஸில் அப்படி வளர்ந்தவர். "பகலில் எங்களைப்போல் சுதந்திரமான பிள்ளைகள் உலகத்தில் இல்லை. இரவில் கெட்ட கனவு வந்தால் அம்மா இல்லை," என்றார். பிள்ளைகளின் நலனுக்கு என்றே யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அழுத பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

ஏழாம் நாள், திங்கள்

டிராமில் ஹெர்சல் குன்று வரை போய் அங்கிருந்து யாத் வஷேம், நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவகம். குழந்தைகள் நினைவிடத்தில் இருட்டில் மெழுகுவத்திச் சுடர்கள் கண்ணாடிகளில் பல்லாயிரமாகத் தெரிகின்றன. ஒரு குரல் கொல்லப்பட்ட பிள்ளைகளின் பெயரையும் வயதையும் நாட்டையும் படித்துக்கொண்டே இருக்கிறது. நான்கு வயது என்று கேட்டதும் என்னால் நிற்க முடியவில்லை.

வெளியே யானுஷ் கோர்ச்சாக்கின் சிலை. பெரிய கைகள், அணைப்பில் பிள்ளைகள். வார்சாவில் மருத்துவராக இருந்தவர். 1912இலிருந்து க்ரோஹ்மால்னா தெரு 92ஆம் எண் வீட்டில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் உண்டு. புகார் வந்தால் பெரியவர்களும் நிற்க வேண்டும், கோர்ச்சாக்கே நின்றிருக்கிறார். அவர் எழுதிய விதிகளில் முதலில் வருபவை எல்லாம் மன்னிப்பு விதிகள். நேற்று நான் போன பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலிருக்கும் ஐன் ஹரோத் கிபுட்ஸுக்கு 1934இலும் 1936இலும் வந்து தங்கியிருக்கிறார். அவரோடு இல்லத்தை நடத்திய ஸ்தெஃபானியா வில்சின்ஸ்கா அதே கிபுட்ஸில் தங்கியவர். போர் நெருங்கிய 1939இல் பிள்ளைகளுக்காக வார்சா திரும்பினார்.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதிக்குள் பசியில் கிடந்தபோது, 1942 ஜூலை 18 அன்று அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தாகூரின் 'அஞ்சலகம்'. நோயில் கிடக்கும் சிறுவன் சன்னல் வழியே உலகத்தைப் பார்த்துக்கொண்டு ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் நாடகம். நம் நாட்டிலிருந்து போன ஒரு சன்னல் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, சுமார் 200 பிள்ளைகளும் கோர்ச்சாக்கும் ஸ்தெஃபானியாவும் மற்ற ஆசிரியர்களும் த்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

எட்டாம் நாள், செவ்வாய்

இரவு விமானம். காலையில் கடைசியாகக் கான். பெசாக் பண்டிகைக்கு விடுமுறை விடுமுன் அங்கே ஒத்திகைச் 'செதெர்' நடத்துகிறார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவை நினைத்து வீட்டில் நடக்கும் விருந்து. பிள்ளைகள் தாங்களே வெட்டி ஒட்டிய காகிதத் தட்டு, வெள்ளைச் சட்டை, நீள மேசை.

இந்த விருந்தில் கதை தொடங்குவதே மேசையில் மிகச் சின்னவர் கேட்கும் கேள்வியில்தான்: மற்ற இரவுகளைவிட இந்த இரவு எப்படி வேறு?  பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்க வேண்டும் என்றே ரபி அகிவா வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். ஓதும் நூலில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அறிவாளி, பொல்லாதவன், வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன். நான்கு பேருக்கும் நான்கு விதமான பதில். கேட்கத் தெரியாதவனுக்கு நூல் சொல்லும் வழி: நீயே அவனுக்குத் திறந்துவிடு. அவ்வளவுதான் அந்த வரி. சவ்தா இதைச் சொன்னபோது மூன்றாம் நாள் பார்த்த அந்தப் பெரியவரும் வருடாவருடம் இதே வரியை ஓதுகிறார் என்பது நினைவுக்கு வந்தது.

பாடினார்கள், சாற்றைச் சிந்தினார்கள், மொறுமொறுவென்று மட்சா என்ற புளிக்காத ரொட்டியைக் கடித்தார்கள். கடைசியில் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கும் கட்டம். "யார் திறப்பது?" என்று கனெனெத் கேட்டார். இருபது கைகள் உயர்ந்தன. அவர் யாரையும் கூப்பிடவில்லை. குடைப்படப் பையன் பக்கம் பார்க்கவும் இல்லை, ஆனால் தம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். மேசைக்கும் கதவுக்கும் நடுவே வழி கிடைத்தது.

அவன் எழுந்தான். சாவிக்கொத்து குலுங்கியது. கதவருகே போய் முதல் சாவியைப் பூட்டுத் துளையில் வைத்துப் பார்த்தான். நுழையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. கொத்தில் பன்னிரண்டு பதின்மூன்று சாவிகள் இருக்கும். பிறந்தநாள் சிறுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், உதவிப் பெண் அவள் தோளில் கை வைத்தார். முப்பது பிள்ளைகள் சாற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்தார்கள். கதவு பூட்டியிருக்கவே இல்லை. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ, ஒரு சிறிய சாவி பாதி வரை நுழைந்தது. திரும்பவில்லை. அவன் அதை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பிடியை அழுத்தினான். கதவு திறந்துகொண்டது. வாசலில் ஒரு தெருப் பூனை படுத்திருந்தது, அதற்கு மேல் வெயில்.

அவன் திரும்பி எங்களைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். எனக்குப் புரியவில்லை. சவ்தாவைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அக்காதான் என் காதில் சொன்னாள்: "பூனை."